கீழ போறப்ப பாத்துக்கலாம்

கோத்தகிரில கவுன்சலிங் பண்ண ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆகப்போகுது, "மேடம் நான் எல்லா வேலையையும் தள்ளிப்போடுறேன்"னு சொல்லிட்டு ஒருத்தர் கூட வந்ததில்ல. தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குது, வீட்ல தினமும் சண்டை, இப்படித்தான் வருவாங்க. பேசிக்கிட்டே போனா எங்கயோ ஒரு மூலையில செய்யாம விட்ட வேலை ஒண்ணு உக்காந்திருக்கும். ஏன் விட்டீங்கன்னு கேட்டா மலைல எல்லார் வாயிலயும் வர்ற அதே பதில், "கீழ போறப்ப பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்". கீழன்னா மேட்டுப்பாளையம், இல்லன்னா கோயம்புத்தூர். கண் டெஸ்ட், வண்டி இன்சூரன்ஸ், பட்டா மாத்துறது, எல்லாமே கீழ போறப்பதான். வாரா வாரம் கீழ போய்ட்டு வர்றவங்களும் இதையேதான் சொல்றாங்க.

நான் மட்டும் என்னவாம். போன ஜனவரி குளிர்ல கடைவாய்ப் பல்லு ஒண்ணு சுருக்குனு குத்துச்சு, கீழ போறப்ப காட்டிக்கலாம்னு விட்டேன், அதுக்கப்புறம் மூணு தடவை கோயம்புத்தூர் போனேன், புடவை எடுத்தேன், ஒரு கல்யாணத்துல சாப்பிட்டேன், பல்லை மட்டும் காட்டல. இத்தனைக்கும் என் ரூம்ல இருந்து அஞ்சு நிமிஷ நடையிலயே பல் டாக்டர் இருக்காரு. அந்த மெஷின் சத்தம்தான் எனக்கு ஆகாது, நிஜக் காரணம் அவ்வளவுதான். அடைச்சிருந்தா முடிஞ்சிருக்கும், கடைசில ரூட் கெனால்.

இதை சோம்பேறித்தனம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு கிடையாது. வள்ளுவரே நெடுநீரை, அதாவது தள்ளிப்போடுறதை தனியா, மடியை, அதாவது சோம்பலை தனியான்னு பிரிச்சுத்தான் எண்ணியிருக்காரு, நாமதான் ரெண்டையும் ஒண்ணாக்கி பிள்ளைங்கள திட்டுறோம்.

ஒருத்தரைப் பத்தி சொல்றேன், அவர்கிட்ட கேட்டுட்டு, அடையாளம் தெரியாம கொஞ்சம் மாத்திதான் எழுதுறேன். அறுபது வயசு, எஸ்டேட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், இப்ப சொந்தமா கொஞ்சம் தேயிலை வெச்சிருக்காரு. தூக்கம் இல்லன்னு மக கூட்டிட்டு வந்தாங்க. பிஎஃப் பென்ஷன் 58 வயசுல வாங்க ஆரம்பிச்சிருக்கணும், ரெண்டு வருஷமா அப்ளை பண்ணவே இல்ல. பேப்பர் எல்லாம் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்ல, பீரோ மேல. அந்த கவர் கண்ணுல படக்கூடாதுன்னு அதுக்கு மேல பழைய காலண்டர் ஒண்ணு வேற. "ஏம்ப்பா இவ்வளவு சோம்பேறியா இருக்கே"ன்னு மக கேட்டப்ப அவர் தலை குனிஞ்சுட்டாரு. காலைல ஏழு மணிக்கு பனியில தோட்டத்துல நிக்கிற மனுஷன் சோம்பேறியா?

"அண்ணா, கொழுந்து எடுக்குறத ஒரு வாரம் தள்ளிப்போடுவீங்களா"ன்னு கேட்டேன். சட்டுனு நிமிர்ந்தாரு. "அது எப்படி மேடம், இலை முத்திரும்ல, ஃபேக்டரில ரேட்டை குறைச்சிருவான்." அங்கதான் எனக்கே பிடி கிடைச்சுது. இலை முத்துறது கண்ணுக்குத் தெரியும், ரெண்டு வாரத்துல காசுலயும் தெரியும். கவர் நேத்து இருந்த மாதிரியேதான் இன்னைக்கும் இருக்கும், அதுல என்ன முத்துதுன்னு யாருக்குத் தெரியும்.

அப்புறம் மெதுவா சொன்னாரு. ஆதார்ல ஒரு இனிஷியல், எஸ்டேட் ரிக்கார்டுல வேற இனிஷியல். ரொம்ப நாள் முன்னாடி ஏதோ ஒரு கவுண்டர்ல ஃபாரத்தை திருப்பி வீசி "படிச்சுப் பாத்துட்டு வாய்யா"ன்னு ஒருத்தர் கத்தியிருக்காரு, பின்னாடி வரிசைல ஊர்க்காரங்க நின்னிருக்காங்க. கவரைத் தொட்டாலே அந்த வரிசை ஞாபகம் வந்துருது, திருப்பி பீரோ மேல வெச்சா மனசு லேசாகுது. இந்த லேசாகுற ஒரு நிமிஷம் இருக்கே, அதுதான் ஆளை பழக்குது. கனடா ஆராய்ச்சியாளர்கள் சிரோயும் பிச்சிலும் 2013ல எழுதுனதும் இதைத்தான், தள்ளிப்போடுறவங்க நேரத்தை கையாளத் தெரியாம திண்டாடுறதை விட அந்த வேலை கிளப்புற உணர்ச்சியில இருந்து தப்பிக்கத்தான் பாக்குறாங்க. அதனாலதான் டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டினாலும் பாதிப் பேருக்கு ஒண்ணும் நடக்கறதில்ல.

முதல் வாரம் நான் சொன்னது கவரைக் கொண்டு வாங்கன்னு மட்டும்தான், பிரிக்க வேணாம். கொண்டு வந்து மேஜை மேல வெச்சாரு, டீ குடிச்சோம், அது பாட்டுக்கு இருந்துச்சு. அடுத்த வாரம் பிரிச்சோம். மூணாவது வாரம்தான் எதுக்கு யார்கிட்ட போகணும்னு எழுதுனோம். அவர் பேர் திருத்தத்துக்கு கம்பெனியோட ஒப்புதல் வேணும், அதனால முதல் வேலை எஸ்டேட் ஆபீஸ்லயே, கீழ போக வேண்டியதே இல்ல. "இந்த வாரம் போறேன்"னு சொன்னாரு, அது வேணாம்னேன். பேத்தியை ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டதும் வீட்டுக்குத் திரும்பாம அப்படியே ஆபீஸுக்கு நடக்கணும், அதுவும் புதன்கிழமை. இது நடந்தா உடனே அதுன்னு ஏற்கனவே செய்ற வேலையோட புது வேலையை முடிச்சு போடுறது, கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999லயே இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காரு, ரொம்ப சாதாரணமா தெரியும் ஆனா எனக்கு தெரிஞ்சு நிறைய பேருக்கு வேலை செய்யுது.

மககிட்ட தனியா ஒண்ணு கேட்டுக்கிட்டேன், திட்டாதீங்க. 2010ல கனடாவுல காலேஜ் முதல் வருஷப் பிள்ளைங்ககிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க, முதல் பரீட்சைக்கு படிக்காம தள்ளிப்போட்டதுக்கு தன்னைத்தானே மன்னிச்சுக்கிட்டவங்க அடுத்த பரீட்சைக்கு தள்ளிப்போடுறது குறைஞ்சிருந்துச்சு. திட்டு வாங்க வாங்க அந்த வேலை இன்னும் கசக்கும், கசந்தா இன்னும் ஓடத் தோணும், அவ்வளவுதான் கணக்கு.

எல்லாமே இப்படி டீ குடிச்சு சரியாகிடாதுங்க. குளிக்கக் கூட எந்திரிக்க முடியல, பிடிச்ச விஷயமும் பிடிக்கலன்னு ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அது டிப்ரெஷனா இருக்கலாம். சின்ன வயசுல இருந்தே எதையும் முடிக்க முடியாம தவிக்கிறவங்களுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சனை இருக்கலாம். டாக்டரைப் பாக்கணும். அதுக்கும் கீழ போற நாள் வரட்டும்னு இருக்காதீங்க, டெலி மானஸ் 14416, அரசாங்கத்தோட இலவச லைன், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம்.

அண்ணன் போன மாசம் வந்தாரு. ஃபாரம் ஒரு தடவை திரும்பி வந்துருச்சாம், கையெழுத்து சரியில்லன்னு. நான் பயந்தேன். "நாளைக்கு இலை எடுக்குற நாள் மேடம், நாளன்னிக்கு வேன் போனதும் போறேன்"னாரு. கவர் இப்ப டிவி பக்கத்துல இருக்காம். கிளம்புறப்ப கன்னத்தைப் பாத்து "பல்லு எப்படி இருக்கு மேடம்"னு கேட்டாரு. கேப் போடுறது பாக்கி. வியாழக்கிழமை கடைசி ஆள் போனதும் ரூமைப் பூட்டிட்டு நேரா அங்கதான்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்.