உள்ளூர்ப் பாடகரைக் கூப்பிடுங்கள், பெயரை முழுசாக எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சமூக வானொலியில் பல வருடங்களாக வாராவாரம் தமிழ் நிகழ்ச்சி செய்கிறேன். தைப்பூசக் காவடி நெருங்கினால் நேயர்கள் போனில் கேட்பது சென்னையில் பதிவான பாட்டுகளைத்தான். நாங்களும் அதையே போட்டுக்கொண்டிருந்தோம். இதே ஊரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இரண்டு தெரு தள்ளி உடுக்கை அடித்துப் பாடுகிற தாத்தாவை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு வருடம் கூப்பிட்டோம். கையில் ஒரு பழைய நோட்டு. தமிழ்ப் பாட்டு முழுக்க ஆங்கில எழுத்தில். அப்பா பாடிக் கேட்டதை அப்படியே எழுதி வைத்தாராம். ஒரே மைக்கை வைத்துச் சமாளிக்கப் பார்த்தோம். முதல் அடியிலேயே ஒலி அளவு காட்டும் மீட்டர் சிவப்புக்கு ஏறி, குரல் உடுக்கைச் சத்தத்துக்குள் மூழ்கிவிட்டது. அப்புறம் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு மைக். உடுக்கைக்கு இன்னொன்றை எட்ட வைத்து, தோலுக்கு நேராக இல்லாமல் சாய்த்தோம். கீழே பாய் விரித்தோம். சரியாகிவிட்டது. பாட்டு முடிந்ததும் டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பாட்டி போனில் வந்து, தாத்தா விட்டுவிட்ட ஓர் அடியைப் பாடிக் காட்டினார். தாத்தா அங்கேயே பேனா வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டார். சென்னைப் பாட்டைப் போட்ட எந்த நாளிலும் இப்படி நடந்ததில்லை.

வானொலிகள் இவ்வளவு உள்ளூர் இசை போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 'பாட்டு தமிழ்நாட்டுப் பாட்டாயிற்றே, அந்தக் கணக்கில் வராதே' என்று சில தயாரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். வரும். 2005ஆம் ஆண்டின் எலக்ட்ரானிக் கம்யூனிகேஷன்ஸ் சட்டம் நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: வரிகளை எழுதியவர், இசையமைத்தவர், முக்கியமாகப் பாடியவர் அல்லது வாசித்தவர், இவர்கள் ஒவ்வொருவரும் தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருப்பது தலா ஓர் அடையாளம், ஆக மூன்று; நான்காவது, இந்த நாட்டிலேயே பதிவானதோ நேரலையில் ஒலித்ததோ ஆன நேரடிக் கச்சேரி. இரண்டு பொருந்தினால் போதும். நம்மூர் ஆள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நேரலையில் பாடினாலே இரண்டும் வந்துவிடுகிறது, பாட்டு எங்கே பிறந்ததாக இருந்தாலும்.

அடுத்தது லாக் ஷீட், அதாவது ஒலிபரப்பிய பாட்டுகளை எழுதி வைக்கும் பட்டியல். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான். அன்று நான் எழுதியது 'பக்திப் பாட்டு, உள்ளூர்' என்று மட்டும். பெயர் இல்லை. பழைய காவடிப் பாட்டு என்பதால் அவருக்குப் பண நஷ்டம் எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடுகிற இளைஞர்களுக்கும் இதே மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். இயற்றியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒலிபரப்புத் தொகையை வசூலித்துத் தருவது சாம்ரோ, 1961இல் தொடங்கிய அமைப்பு. ரெக்கார்டு செய்த பாட்டில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள பங்கைப் பார்ப்பது சாம்ப்ரா. லாக்கில் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டை யாருடையது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அதனால் கோயில் பஜனைக் குழுவோ தெருக்கூத்துக் குழுவோ, ஸ்டூடியோவுக்கு வருமுன் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்: பாட்டின் தலைப்பு, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடுபவர், ஒவ்வொரு வாத்தியக்காரர். தப்பு மேளம் அடிக்கும் தம்பியின் பெயரும் வேண்டும், செல்லப் பெயர் போதாது. சொந்தப் பாட்டாக இருந்தால் முதலில் சாம்ரோவில் உறுப்பினராகி அந்தப் பாட்டையும் பதிந்துவிடுங்கள். ரெக்கார்டு செய்ததென்றால், ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண் வாங்கி, கோப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

தாத்தா இந்தக் காவடிக்கும் வருகிறார். இந்த முறை பேரனும் கூட வந்து மிருதங்கம் வாசிக்கிறான். இரண்டு பெயரையும் லாக் ஷீட்டில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.