ஞானத்தகப்பன்னா கார்டியன் இல்லீங்க

கிருஷ்ணகிரி கோர்ட்ல ஃபேமிலி கேஸ் பாக்குற வக்கீல் நான், நானும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்) தான், அதனால எலத்தகிரி கந்திகுப்பம் பக்கமிருந்து ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டோட வந்து உக்கார்றவங்கள நிறைய பாத்துட்டேன். போன வருஷம் ஓசூர்ல கம்பெனி வேலைக்கு போற ஒருத்தர் வந்தாரு (அடையாளத்த மாத்திதான் சொல்றேன்). ஃப்ரெண்டும் அவர் சம்சாரமும் தொப்பூர் கணவாய்ல ஆக்சிடென்ட்ல போய்ட்டாங்க, பையனுக்கு 9 வயசு, இவர்தான் ஞானத்தகப்பன், அதாவது ஞானஸ்நானத்தப்ப பையனுக்குப் பொறுப்பேத்து நின்னவர். இன்சூரன்ஸ் பணத்துக்கு கையெழுத்து போடப் போனா, நீங்க யாருங்கன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்களாம்.

"மேடம், இதுல என் பேரு இருக்கு பாருங்க. ஃபாதர் முன்னாடி பொறுப்பு ஏத்துக்கிட்டவன் நான்."

ஏத்துக்கிட்டது நெஜம்தான் சார், ஆனா அது புள்ளைய விசுவாசத்துல வளக்குற பொறுப்பு. 1983 திருச்சபை சட்டத்துல 16 வயசு முடிஞ்சிருக்கணும், உறுதிபூசுதல், நற்கருணை வாங்கியிருக்கணும், பெத்தவங்களே ஞானப்பெற்றோரா நிக்கக்கூடாதுன்னு எல்லாம் இருக்கு. புள்ள யார் வீட்ல வளரணும், சொத்த யார் பாக்கணும்ங்கிறது அந்த விதியில கிடையாது.

அதுக்கு உயில் எழுதணும். 1925 இந்திய வாரிசுரிமை சட்டம் 60-வது பிரிவுல கிறிஸ்தவ அப்பா தன் மைனர் புள்ளைக்கு கார்டியன (சட்டப்படி பொறுப்பா பாத்துக்கிறவர) நியமிக்கலாம், ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், ரிஜிஸ்டர் பண்றது கட்டாயமில்ல. அப்பா மட்டும்தானாம், அம்மான்னு ஒரு வார்த்தை அந்தப் பிரிவுல இல்ல, அத படிக்கிறப்ப எல்லாம் எனக்கு பத்திக்கிட்டு வரும். இருந்தாலும் அம்மாவும் எழுதி வைங்க, ஏன்னா உயில் இல்லாட்டி 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்லதான் மனு போடணும், அதுல 17-வது பிரிவு செத்துப்போன பெத்தவங்க என்ன விரும்புனாங்கன்னு பாக்கச் சொல்லுது, மனு போட்டவருக்கும் புள்ளைக்கும் இதுவரைக்கும் எப்படி பழக்கம்னும் பாக்கச் சொல்லுது.

இந்த எடத்துலதான் நெறைய ஞானத்தகப்பனுங்க மாட்டிக்குவாங்க. ஞானஸ்நானத்தன்னிக்கு ஒரு செயின், ஒரு போட்டோ, பிரியாணி, அதோட சரி, புள்ள எத்தனாவது படிக்குதுன்னு கேட்டா முழிப்பாங்க. வசதி பாத்து ஆள் புடிக்கிற பெத்தவங்க மேலயும் தப்பு இருக்கு, மொதலாளி, கவுன்சிலர்னு போய் கேப்பாங்க. இவர் அப்படி இல்ல. மூணு வருஷமா ஸ்கூல் ஃபீஸ் ரசீது வெச்சிருந்தாரு, புதுநன்மை (மொத மொத நற்கருணை வாங்குறது) கிளாஸுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பைக்ல கூட்டிட்டுப் போனதுக்கு உபதேசியாரே சாட்சி சொன்னாரு.

அப்பாவப் பெத்த பாட்டிக்கும் சம்மதம். பையன் பாட்டிகிட்டயே இருக்கட்டும், பணத்துக்கு மட்டும் இவர் கார்டியன்னு கோர்ட் சொல்லிச்சு. ஆர்டர் கைக்கு வர எட்டு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் இன்சூரன்ஸ் பணம் அப்படியே கெடந்துச்சு, ஃபீஸ அவர்தான் கட்டுனாரு.