ஒற்றை நகலா, ஒருபோத்தா?

"முயல் எதிர்ப்பு ஒற்றை நகல் உடல்." ஆய்வகக் குப்பியின் மேல் 'ராபிட் மோனோகுளோனல் ஆன்டிபாடி' என்று இருப்பதற்கு யாரோ செய்து வைத்த தமிழ் இது. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இதையே எங்கிருந்தோ எடுத்துப் போடுகிறார்கள். இந்த வருஷமும் ஒரு கட்டுரையில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு தொடருக்குள் மூன்று பிழை.

ஆன்டிபாடி என்பது உள்ளே நுழையும் அன்னியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் சுரக்கும் புரதம். இந்தச் சொல்லில் பெரிய வழக்கு இல்லை. 1891-இல் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் ஜெர்மனில் 'ஆன்டிகோர்பர்' என்றார். கோர்பர் என்றால் உடல் மட்டுமில்லை, பருப்பொருளும்தான். நம் பாடநூலில் 'எதிர்ப்பொருள்', இலங்கையில் 'பிறபொருளெதிரி'. எதை எழுதினாலும் சரி, 'எதிர் உடல்' மட்டும் வேண்டாம்.

மோனோ என்றால் ஒன்று. குளோன் கிரேக்கத்தில் இளங்கொப்பு. கொப்பு நட்டும் ஒட்டுக் கட்டியும் பெருக்கிய செடிக் கூட்டத்துக்கு 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கர் அந்தப் பெயரைச் சூட்டினார். தோட்டக்காரர் சொல்தான் பிற்பாடு ஆய்வகத்துக்குப் போனது.

நீலகிரிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். விதைச் செடித் தேயிலையில் செடிக்குச் செடி இலை மாறும், துளிர் விடும் காலம் மாறும். ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வேர்விடச் செய்து நட்ட குளோன் தோட்டத்தில் எல்லாம் ஒரே குணம். முயலிலும் இதே வேறுபாடுதான். முயலுக்கு ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றினால் அதன் பி செல்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) பலவும் அந்தப் புரதத்தின் வேறு வேறு இடங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில் இருப்பது அந்தக் கலவை. அந்தச் செல்களில் ஒன்றை மட்டும் பிரித்துப் பெருக்கினால் அதன் வழிவந்தவை எல்லாம் ஒரே எதிர்ப்பொருளைத் தரும். கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் 1975-இல் சுண்டெலிச் செல்லில் இதைச் சாதித்தார்கள்; 1984-இல் நோபல் பரிசு. முயலில் கைகூட 1995 ஆனது. சுண்டெலி தன் சொந்தப் புரதம் போலிருப்பதை அன்னியமாக எண்ணாது, அதனால் எதிர்ப்பொருளும் சுரக்காது. முயல் பல சமயம் சுரக்கும். அதனால்தான் இத்தனை மெனக்கெடல்.

இப்போது 'ஒற்றை நகல்'. தாலுகா ஆபீஸில் ஒற்றை நகல் என்றால் ஒரே ஒரு பிரதி. இங்கே பிரதிகளுக்குக் கணக்கே கிடையாது; ஒன்றாக இருப்பது மூலம். பொருளையே தலைகீழாக்குகிற சொல்லை எப்படி ஏற்பது? 'நகல்' உருது வழி வந்தது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வக்கீலும் ஜாமீனும் அப்படி வந்தவைதானே. சிலர் 'ஓரின எதிர்ப்பொருள்' என்கிறார்கள். முயலின் கலவைச் சீரமும் ஓரினத்திலிருந்து வந்ததுதான். பிரித்துக் காட்டாத பெயரை வைத்து என்ன செய்வது?

கிரேக்கக் கொப்புக்கு நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது: போத்து. முருங்கைப் போத்து, வேலிக்குக் கிளுவைப் போத்து. ஆகவே ஒருபோத்து எதிர்ப்பொருள்; கலவையானால் பலபோத்து. தொல்காப்பியத்தில் போத்து விலங்கின் ஆணைக் குறிக்குமே என்று புலவர்கள் கேட்கலாம். ஆய்வகத்தில் அந்தக் குழப்பம் வராது. போத்து பிடிக்காதவர்கள் 'ஒற்றைக் குளோன்' என்றே எழுதட்டும், தேயிலைக் காட்டில் பழகிய சொல்தான்.

உண்மையில் கெடுதல் செய்வது 'முயல் எதிர்ப்பு'. மது எதிர்ப்பு என்றால் மதுவுக்கு எதிரானது. முயல் எதிர்ப்பு என்றால் முயலுக்கு எதிரானது. அப்படியும் ஒரு குப்பி இருக்கிறது என்பதுதான் வினை. ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, முயலில் விளைந்த எதிர்ப்பொருளை அதன்மேல் விடுவார்கள். அது தேடிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு, பெரும்பாலும் ஆட்டில் உண்டாக்கிய இரண்டாம் எதிர்ப்பொருள். அது முயலின் எதிர்ப்பொருளைப் பற்றும். அதில் கோத்த நொதிதான் ஒளிப் பட்டையைக் காட்டும். முயல் எதிர்ப்பு என்று சொல்லத் தகுந்தது இந்த இரண்டாவது. தமிழ்ப் பெயரை நம்பி முதலாவதற்குப் பதில் இதை ஊற்றியவருக்குத் தேடிய பட்டை விழாது.

வெறுமனே 'முயல் எதிர்ப்பொருள்' என்றாலும் தீராது. முயலிலிருந்தா, முயலுக்கா என்று தெரியாது. ஆங்கிலம் பெயர்களை வரிசையாக அடுக்கும். மொழிபெயர்ப்பாளரும் அப்படியே அடுக்கிவிட்டு நகர்கிறார். உருபுகளைத் தொல்லை என்று உதறிவிட்டு, தமிழில் அறிவியல் எழுத வராது என்று பழி வேறு. தமிழுக்கு வருகிறது: முயல்வழி ஒருபோத்து எதிர்ப்பொருள், இரண்டாவதற்கு, முயலுக்கு எதிரான ஆட்டுவழி எதிர்ப்பொருள்.

'வழி' என்று எழுதக் காரணம் உண்டு. இன்று இவற்றில் பல, முயலின் மரபணு வரிசையை வேறு செல்லுக்குள் புகுத்தி, ஆய்வகப் பாத்திரத்தில் வளர்த்து எடுப்பவை. 'முயல் ரத்தத்திலிருந்து எடுத்தது' என்று விளக்கம் எழுதுகிறவர்கள் அதையும் திருத்திக்கொள்ளலாம்.