லேலண்டிய எதுவரைக்கும் வெட்டலாம்?

லண்டன் ஹாரோல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாரு, "அண்ணா, பக்கத்து வீட்டு மாடி ஜன்னல்ல நின்னா எங்க கிச்சன்ல என்ன குழம்புன்னு தெரியுது, மறைப்புக்கு வேலியா லேலண்டி நடவா, யூ (yew) மரம் நடவா?"ன்னு. ரெண்டுமே வருஷம் பூரா பச்சையா நிக்குற மரம்.

லேலண்டி ஒரு கலப்பு மரம். மான்டெரி சைப்ரஸ் கலிஃபோர்னியா கடலோரத்துது, நூட்கா சைப்ரஸ் அலாஸ்கா வரைக்கும் போற வடக்கத்தி மரம், காட்டுல ரெண்டும் பாத்துக்கவே வழியில்ல. வேல்ஸ்ல லெய்ட்டன் ஹால் தோட்டத்துல பக்கம் பக்கமா வச்சாங்க, 1888ல கலந்துருச்சு. நல்ல மண்ணுன்னா வருஷத்துக்கு 3 அடி ஏறும், நாமளா வெட்டலேன்னா நிக்காது.

இங்கதான் எனக்குப் புடிச்ச மேட்டர் வருது. நம்மூரு நெட்டிலிங்கத்த வெட்டுனா கீழ கொத்தா துளிர்க்குமே, எப்படி? இலைக் கக்கத்துல மொட்டு இருக்கும், இலை உதிர்ந்தப்புறமும் அதுல சிலது பட்டைக்கடியில தூங்கிக்கிட்டே கெடக்கும், மரம் தடிக்கத் தடிக்க அதுவும் கூடவே வெளிய நகர்ந்து வரும். கிளை நுனில ஊறுற ஆக்சின்ங்கிற ஹார்மோன் கீழ எறங்கி வந்து அத எழும்பவிடாம அமுக்கி வச்சிருக்கும். நுனிய வெட்டுனா ஆக்சின் வரத்து நின்னுரும், மொட்டு முழிச்சிக்கும்.

லேலண்டில அந்தத் தூங்குற மொட்டு ஸ்டாக்கே கிடையாது. வெளிய ஒரு சாண் பச்சை, கிளைய விலக்கிப் பாத்தா உள்ள வெயில் படாம காஞ்சு வெளக்கமாத்துக் குச்சியாட்டம் இருக்கும், அந்தப் பழுப்பு வரைக்கும் கத்திரி போச்சுன்னா திரும்பப் பச்சையே வராது. என் மச்சான் ஒரே நாள்ல பாதியா வெட்டித் தள்ளுனாரு, மூணு வருஷமா கருவாட்டுக் கலர்ல நிக்குது.

யூ வேற ரகம், வெறுங்கட்டைல வெட்டுனாக்கூட துளிர்க்கும், ஆனா வருஷத்துக்கு ஒரு அடிதான் வளரும். சர்ச் கல்லறைல நிக்குற மரம் வீட்டுக்கு ஆகாதும்பாங்க சிலர், ராசியெல்லாம் ஒண்ணுமில்ல, பயப்படவேண்டியது விஷத்துக்கு: பழத்தோட சிவப்புச் சதை தவிர இலை, விதை எல்லாமே விஷம். இதோட சொந்தக்கார மரம் பசிபிக் யூ, அதோட பட்டைலதான் டாக்சால்ங்கிற புற்றுநோய் மருந்து கெடச்சுது, 1960கள்ல அமெரிக்க அரசு காசுல கண்ட செடியெல்லாம் சலிச்சப்போ. ஒடனே என்ன பலன்னு கேக்குறவங்க கைல அந்தப் பட்ஜெட் இருந்திருந்தா பட்டை காட்டுலயே கெடந்திருக்கும்.

வீட்ல சின்னப் புள்ளைங்க இல்லேன்னா யூதான், பொறுமையா இருங்க. இருந்தா லேலண்டியே வைங்க, ரெண்டாவது வருஷத்துலருந்தே பச்சைல மட்டும் கத்தரிங்க. 2 மீட்டர் தாண்டி பக்கத்து வீட்டு வெளிச்சத்த மறைச்சா இங்கிலாந்தோட 2003 சட்டப்படி அவங்க உள்ளூர் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், கவுன்சில் குறைக்கச் சொல்லும்போது பழுப்பு வரைக்கும் எறங்காம வெட்டுறதுக்குப் பச்சை இருக்கணும்ல.