வால் கடிபட்டதா? முதலில் மீன்களை எண்ணுங்கள்

எனக்கு வரும் புகைப்படங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு மீன்தான் இருக்கும். வால் பாதி போயிருக்கும், இல்லையென்றால் முதுகுத் துடுப்பு கிழிந்திருக்கும். கூடவே ஒரு கேள்வி: "என்ன மருந்து ஊற்றலாம்?" மீன்களின் உடல்நலம் பார்ப்பதுதான் என் வேலை என்பதால் மருந்தின் பெயரை எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு: "அந்த இனத்தில் தொட்டியில் மொத்தம் எத்தனை?" மூன்று அல்லது நான்கு என்றுதான் பதில் வரும்.

டைகர் பார்ப், செர்பே டெட்ரா, பிளாக் ஸ்கர்ட் டெட்ரா எல்லாம் கூட்டமாக வாழ்பவை. கூட்டம் என்றாலே ஒற்றுமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உள்ளே யார் மேலே, யார் கீழே என்ற தகராறு ஓய்வதே இல்லை. துரத்துவதும் கொத்துவதும் அவற்றுக்கு அன்றாடப் பிழைப்பு. பத்துப் பன்னிரண்டு மீன்கள் இருந்தால் அது பரவிப்போய்விடும். ஒவ்வொன்றும் கொஞ்சம் வாங்கும், கொஞ்சம் கொடுக்கும். மூன்றே மீன்கள் என்றால் கடைசி மீன்தான் நாள் முழுக்க அடி வாங்கும். சில சமயம் அந்தக் கோபம் இனம் தாண்டி ஏஞ்சல், பைட்டர், கப்பி ஆகியவற்றின் நீண்ட துடுப்புகள் மேல் பாயும். டைகர் பார்ப்பை எட்டுக்குக் குறைவாக வளர்க்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தருவதில்லை. அத்தனைக்கும் தொட்டியில் இடமில்லை என்றால் வேறு மீன் வாங்குவதே மேல். எட்டு இருந்தாலும் நீள் துடுப்பு மீன்களை அவற்றோடு விடாதீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கே இது புரியவில்லை. ஒரு தொட்டியில் முரட்டு மீனை எடுத்துவிடச் சொன்னேன். நான்கே நாளில் இரண்டாம் இடத்தில் இருந்தது ரவுடியாகிவிட்டது. அதையும் எடுக்கச் சொன்னேன். கடைசியில் மிஞ்சிய இரண்டில் ஒன்று மற்றொன்றை விடாமல் துரத்தியது. இப்போது ஆளைத் தூக்குவதற்கு முன் கூட்டத்தைப் பெரிதாக்கச் சொல்கிறேன். ஒரே வகையில் ஆண்கள் அதிகமானால் பெண் மீன்களைச் சேர்க்க வேண்டும். தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் தூவ வேண்டும். அப்படியும் ஒன்று மட்டும் அடங்கவில்லை என்றால், அதே தொட்டிக்குள் வலைப் பெட்டியில் சில நாள் வைத்து, கற்களையும் செடிகளையும் இடம் மாற்றிவிட்டுத் திரும்ப விடலாம். தன் இடம் என்று நினைத்திருந்தது மாறிப்போனதும் வீராப்பு குறையும்.

எல்லாக் காயமும் கடி அல்ல. இருட்டில் சட்டென்று தொட்டி விளக்கைப் போட்டால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். மூக்கு நுனியில் வெள்ளைப் புண் வரும். முதலில் அறை விளக்கு, அப்புறம் தொட்டி விளக்கு என்று வைத்துக்கொண்டால் இது நின்றுவிடும். கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மீனின் முள் வலையில் மாட்டித் துடுப்பு கிழிவதும் உண்டு.

இன்னொன்று, ஒரு மீன் அடிபட்டால் அது மற்றவைக்கும் தெரிந்துவிடும். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசில் பங்குபெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு வெகு முன்பே, 1938-ல், இதை மின்னோ மீன்களில் விளக்கினார். கிழிந்த தோலிலிருந்து கசியும் ஒரு வேதிப்பொருளை முகர்ந்ததும் கூட்டமே கலவரப்படும். பார்ப், டெட்ரா, டேனியோ எல்லாம் இந்த வழக்கம் உள்ளவை. ஒரு காயத்துக்குப் பின் தொட்டி முழுக்க மிரண்டு கிடந்தால் நோய் பரவிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.

சரி, காயத்தைப் பார்ப்போம். கடிபட்ட விளிம்பு கத்தரித்தது போலத் தெளிவாக, அரைவட்டமாக இருக்கும். மறுநாளும் அதே அளவில் நிற்கும். அழுகல் என்றால் விளிம்பு பிசிறி, வெள்ளையாகவோ சிவப்பாகவோ மாறி நாளுக்கு நாள் உள்ளே நகரும். தினமும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். பஞ்சு போல நிமிர்ந்து நின்றால் பூஞ்சை. முதுகில் சேணம் போட்டது போலவோ வாயைச் சுற்றியோ சாம்பல் வெள்ளை படர்ந்தால் அது கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம்; வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு நாளில் உயிரை வாங்கிவிடும். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம், மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் போங்கள்.

வெறும் கடிக்கு மருந்து தேவையே இல்லை, சுத்தமான நீர் போதும். மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீர்ப் பரிசோதனையில் பூஜ்யம் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் குளோரின் நீக்கிய நீரால் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவை நீக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, அம்மோனியாவை நீங்களே வரவழைப்பதாகும். தனித் தொட்டியில் வைக்க நேர்ந்தால் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பைக் கரைத்து விடலாம். கோரிடோராஸ், லோச் வகைகளுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது, தவிர்த்துவிடுங்கள்.

தனிமைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டத்தில் பழகியது தனியே கிடந்தால் மூலையில் ஒடுங்கி, தீவனம் தொடாமல் இருக்கும். காயம் லேசானது என்றால் அதே தொட்டிக்குள் துளையுள்ள பெட்டியில், மற்றவை கண்ணில் படும்படி வைப்பேன். அழுகல் தெரிந்தால் மட்டும் வேறு தொட்டி. திரும்ப விடும்போது மற்றவைக்குத் தீவனம் போட்டுவிட்டு, விளக்கை அணைத்த பிறகு விடுங்கள்.

துடுப்பின் அடி தப்பியிருந்தால் வாரக் கணக்கில் வளர்ந்துவிடும்; அடியோடு போயிருந்தால் வராது. புதிதாக முளைக்கும் ஓரம் கண்ணாடி போல நிறமில்லாமல் தெரியும். அதைப் பூஞ்சை என்று பயந்து மறுபடி மருந்து ஊற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், நிறம் பிறகு ஏறிக்கொள்ளும்.