பேஷனுக்கு (passion) "பேரார்வம்" வேண்டாம், எங்களிட்ட "ஈடுபாடு" கிடக்கு

போன ஞாயிறு வெள்ளவத்தையில இளம் ஆக்களுக்கு ஒரு வகுப்பு வைச்சவை, ஒழுங்கா ப்ளாக் எழுதினா மனசுக்குப் பிடிச்ச விஷயமும் வளரும் வேலைக்கும் வழி பிறக்கும் எண்டு. நல்ல விஷயம்தான், நானும் போயிருந்தன். ஆனா பேச வந்தவர் ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள எத்தினை தரம் "உங்கள் பேரார்வத்தைப் பின்பற்றுங்கள்" எண்டு சொன்னாரோ தெரியாது, திரையிலயும் அதேதான். ஆங்கிலத்தில "follow your passion" எண்டு சொல்றதைத்தான் அப்பிடித் தமிழாக்கி வைச்சிருக்கினம். பக்கத்தில இருந்த பெடியன் மெல்லக் கேட்டான், "அண்ணா, பேரார்வமெண்டா பேராசை மாதிரியோ?" எண்டு. அவனில ஒரு பிழையும் இல்ல. அந்தச் சொல் அவன்ர வீட்டில, பள்ளிக்கூடத்தில, பஸ்ஸில எங்கயும் புழங்கிற சொல் இல்ல.

பேஷன் எண்ட சொல்லின்ர மூலம் லத்தீன். அங்க அதுக்கு "படுறது", "துன்பத்தை அனுபவிக்கிறது" எண்டுதான் பொருள். ஆஸ்பத்திரியில பேஷன்ட் எண்டு சொல்றமே, அதுவும் அதே வேர், நோவைப் படுறவர். கிறிஸ்தவத்தில இயேசு பட்ட துன்பத்துக்கு இந்தச் சொல் வந்து, பிறகு காதல் கோபம் மாதிரி ஆளை ஆட்டிவைக்கிற உணர்ச்சிகளுக்குப் போய், கடைசியாத்தான் "ஒருத்தர் விடாமச் செய்யிற பிடிச்ச வேலை" எண்டு வந்து நிக்குது.

இப்ப இதைப் பாருங்கோ. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல பெரிய வெள்ளிக்கு என்ன வாசிக்கினம்? ஆண்டவரின் திருப்பாடுகள். பாடு! படு எண்ட வினையில இருந்து வந்த பாடு. லத்தீன்காரன் எந்த வினையில இருந்து சொல் எடுத்தானோ, எங்கட தேவாலயத் தமிழும் அதே கருத்துள்ள வினையில இருந்துதான் எடுத்திருக்கு.

பேஷன் ப்ரூட் எண்ட பழத்தையும் எடுங்கோ. தென்னமெரிக்காவுக்குப் போன ஸ்பானியப் பாதிரிமார் அந்தக் கொடியின்ர பூவில முள்முடியையும் ஆணிகளையும் ஐஞ்சு காயங்களையும் கண்டுதான் அதுக்கு அந்தப் பேரை வைச்சவை, பழத்துக்கும் அதுவே ஒட்டிக்கொண்டுது. எங்கட ஆக்கள் என்ன செய்தவை? கொடியில காய்க்குது, தோடம்பழம் மாதிரி உருண்டை, புளிப்பு, கொடித்தோடை எண்டு வைச்சினம். பொருளைப் பாத்து வைச்ச பேர், அதால நிண்டுட்டுது. இந்தத் துணிவு இப்ப மொழிபெயர்க்கிற ஆக்களிட்ட இல்லையே எண்டதுதான் என்ர மனவருத்தம்.

"ஆர்வம்" கூடாத சொல் எண்டு நான் சொல்லேல்ல. "அன்பு ஈனும் ஆர்வம் உடைமை" எண்டு குறளிலயே (74) கிடக்கு, பழைய அழகான சொல். ஆனா ஆர்வம் உள்ளுக்குள்ள எழும்பிற ஒண்டு, எழும்பிப் படுத்தும் போகலாம். முன்னால ஒரு "பேர்" போட்டா அது பெரிசாகுமே தவிர வேற ஒண்டா மாறாது. பேரார்வம் உள்ளவர் ஒரு நாளும் அந்த வேலையைத் தொடாமலே இருக்கலாம். அதோட அந்தச் சொல்லுக்கு வினையில்ல, "நான் பேரார்வப்படுறன்" எண்டு ஆரும் கதைச்சு நான் கேக்கேல்ல. வேட்கை எண்டா தாகம், குடிச்சா அடங்கிடும். மோகம் எண்டா எங்கட ஊரில வெளிநாட்டு மோகம்தான் ஞாபகம் வரும். வாய்ப்பேச்சில "அவனுக்குக் கிரிக்கெட் விசர்" எண்டு சொல்லுறது உண்மையில சரியான சொல், என்ன, சுயவிபரக் கோவையில எழுதேலாது. அப்பிடியே பேஷன் எண்டே விடுவமெண்டா, தமிழில எழுதேக்க அது உடுப்பு பேஷனோட குழம்புது.

ஈடுபாடு எண்டு சொல்லிப் பாருங்கோ. அதுக்குள்ள பாடு இருக்கு! ஈடுபடலாம், ஈடுபடுத்தலாம், ஈடுபட்டவர் எண்டலாம், ஒரு குடும்பமே கூட வருது. ஈடு எண்டா எங்களுக்கு காணி உறுதியை ஈடு வைக்கிறதும் ஞாபகம் வரும், தன்ர நேரத்தை ஈடா வைச்சு இறங்கிறது எண்டு நான் விளங்கிக்கொள்ளுறன். சிலர் "அது வெறும் பங்கெடுக்கிறதுக்குச் சொல்றது, சூடு காணாது" எண்டு சொல்லுவினம். சூடு வேணுமெண்டா "தீராத ஈடுபாடு" எண்டு எழுதுங்கோ, ஆருக்கும் விளங்கும்.

எங்கட சின்னம்மாவின்ர மகன், எனக்குத் தம்பி முறை, புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதுறான். ஞாயிற்றுக்கிழமை விடிய 5 மணிக்கு எழும்பி அத்திடியச் சதுப்புப் பக்கம் போய் குருவி பாப்பான், இரவு அதைப் பற்றி ஒரு பதிவு போடுவான். ஒருக்கா நானும் போனன். நீலத் தாழைக்கோழி ஒண்டு குஞ்சோட வெளியில வாறதுக்கு நுளம்புக் கடியோட 40 நிமிஷம் அசையாம இருந்தான், நான் கால் மாத்தினதுக்கே திரும்பிப் பாத்தான். 2022இல கரண்ட் இல்லாத இரவுகள்லயும் போன் வெளிச்சத்தில எழுதினவன், "கொக்கு நிண்டது" எண்ட ஒரு வரியை நாலு தரம் மாத்தி மாத்தி. அப்பிடி எழுதி எழுதித்தான் அவன்ர தமிழ் இறுகினது, குருவிகளின்ர தமிழ்ப் பேர்கள் கைவசம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈரநிலம் பற்றித் தமிழில எழுத ஆள் தேடின ஒரு இடத்தில அவன்ர சேர்டிபிக்கட்டைக் கேக்கேல்லையாம், பழைய பதிவுகளைத்தான் இருந்து வாசிச்சவை. இப்ப மாசத்தில ரெண்டு வேலை அங்கயிருந்து வருது. அவன் பட்டதுக்குப் பேரார்வம் எண்டு பேர் வைக்க எனக்கு மனம் வரேல்ல.

"பின்பற்றுங்கள்" எண்டதும் அப்பிடித்தான். தமிழில நாங்கள் பெரியவரைப் பின்பற்றுவம், விதியைப் பின்பற்றுவம், சமயத்தைப் பின்பற்றுவம். ஆர்வம் எங்கயும் முன்னால நடந்து போறேல்ல. ஆங்கில வசனத்தை அப்பிடியே திருப்பிப் போட்டு, தமிழ் வாசிக்கிற பிள்ளை தலையைச் சொறிஞ்சாலும் பரவாயில்ல எண்டு விடுறது எங்கட மொழிபெயர்ப்புகள்ல வழக்கமாப் போச்சுது. எழுதினதை ஒருக்கா வாய்விட்டு வாசிச்சுப் பாத்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

அண்டைக்கு வகுப்பு முடிய அந்தப் பெடியனிட்ட உனக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டன், மிருதங்கம் எண்டான். போனை வாங்கி அவன்ர சுயவிபரக் கோவையில இருந்த "மிருதங்கத்தில் பேரார்வம் கொண்டவர்" எண்டதை அழிச்சுப்போட்டு, "மிருதங்கத்தில் ஈடுபாடு, ஆறு வருடப் பயிற்சி" எண்டு எழுதிக் குடுத்தன். வாசிச்சுப் பாத்திட்டு, "ஓம் அண்ணா, இது நான்தான்" எண்டான்.