மார்க் ஷீட்டில் ஏறாத ஏழு வருஷம்

மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை முடிகிறது. ரிசல்ட் வருவது மே மாதம். நடுவில் கிடைக்கும் வாரங்களை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பது மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரப் பள்ளிகளில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு நன்றாகத் தெரியும். நீட் எழுதுகிறவர்கள் கோச்சிங்கில் இருப்பார்கள். சிலர் திருப்பூருக்கு பஸ் ஏறி, பனியன் கம்பெனியில் இரண்டு மாதம் வேலை செய்து காலேஜ் செலவுக்குக் காசு சேர்ப்பார்கள். மற்றவர்கள் செல்போனும் கையுமாக, "எவ்வளவு வரும்?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வாரங்களில் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை தன்னிடம் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். டி.சி. வாங்குவதற்கு முன்னால் எழுதினால் ரொம்ப நல்லது. பெற்றோருக்கு இது வெட்டி வேலையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

2026-ல் ப்ளஸ் டூ முடிக்கிற செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. கொல்லைத் தென்னைகளும் வீட்டுக் கூரையும் ஒரே ராத்திரியில் போனதைப் பார்த்தவர்கள் இவர்களில் எத்தனையோ பேர். ஆறாம் வகுப்பு முடியும் நேரத்தில், 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடின. ஏழாம் வகுப்பு முழுக்க வீட்டில் போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பதினொன்றாம் வகுப்பில் இவர்களுக்குப் பொதுத்தேர்வு இருந்தது. அடுத்த செட்டுக்கு அது இல்லை. இவ்வளவையும் கடந்து வந்த பிள்ளையின் கையில் கடைசியில் நாம் கொடுப்பது 600-க்கு இத்தனை என்ற ஓர் எண்.

மார்க்கை நான் குறைத்துப் பேசவில்லை. 2007-லிருந்து நம் மாநிலத்தில் நுழைவுத் தேர்வு இல்லாமல் ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே இன்ஜினியரிங் இடம் கொடுக்கிறார்கள். கோச்சிங்குக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். ஆனால் அந்த மார்க் சொல்வது மூன்று மணி நேரத் தேர்வில் என்ன எழுதினாய் என்பதை மட்டும். ஏழு வருஷத்தில் அந்தப் பிள்ளை யாராக ஆகியிருக்கிறது என்பதை அதனிடம் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

"நீ எப்படி வளர்ந்திருக்கே?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது. "மெச்சூரிட்டி வந்திருக்கு மேடம்" என்பார்கள், அதோடு முடிந்தது. கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் நாள் யாரோடு பள்ளிக்கு வந்தாய்? அப்போது தனியாகச் செய்யப் பயந்த காரியம் எது? எந்த ஆசிரியரிடம் பேச நாக்கு ஒட்டிக்கொண்டது? நெருக்கமாக இருந்து விட்டுப்போன சிநேகிதம் எது, ஏன் விட்டது? ரொம்ப உறுதியாக நம்பி, பிறகு "இது தப்பு" என்று நீயே மாற்றிக்கொண்ட விஷயம் எது? பழைய நோட்டு, ரேங்க் கார்டு, குரூப் போட்டோ எது கிடைத்தாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி ஞாபகம் வந்துவிடும்.

இப்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் ஆஃபர் 1962-ல் பதினான்கு வயதுப் பையன்களிடம் அவர்கள் வீடு, பெற்றோர், கண்டிப்பு, மனநிலை எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார். அவர்களுக்கு 48 வயதானபோது, "பதினான்கு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?" என்று அதே விஷயங்களைக் கேட்டார்கள். பழைய பதிலும் புதிய பதிலும், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு பொருந்துமோ ஏறக்குறைய அவ்வளவுதான் பொருந்தின. 2000-ல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. இன்று இருக்கிற ஆளுக்குத் தோதாகப் பழைய ஆளை மனம் திருத்தி எழுதிவிடுகிறது. மார்க் ஷீட்டை பத்திரமாக எடுத்து வைக்கிற நாம், அதை வாங்கிய பிள்ளை எப்படி இருந்தது என்பதை ஒரு வரி கூட எழுதி வைப்பதில்லை.

எழுதியவர்கள் கொண்டுவந்து காட்டியவற்றில் சில. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆறாம் வகுப்பில் தாத்தா கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்கு வந்த பெண், இப்போது அதே பஸ்ஸில் தெருப்பிள்ளைகள் நாலு பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்துக் கூட்டிப்போகிறாள். அதை எழுதும்வரை அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு பையனுக்கு கெமிஸ்ட்ரியில் எப்போதும் பார்டர் மார்க். சம்பா அறுவடையும் செய்முறைத் தேர்வும் ஒரே நேரத்தில் வருவதுதான் எங்கள் ஊர் வழக்கம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு மாறி மாறிக் காவல் படுத்து, நெல்லைக் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்ததும் எடை போட்டு, பணம் வந்ததும் கூட்டுறவுக் கடன் எவ்வளவு, நகையை மீட்க எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தவன் அவன். "இதெல்லாம் எழுதலாமா மேடம்?" என்று கேட்டான். இதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

இன்னொரு பையன் எழுதியிருந்தது மூன்றே வரி. "பத்தாவது வரைக்கும் அவன் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எங்கள் அப்பாவுக்குத் தெரியாது." ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியாக இருக்கிற ஊரில் பிறந்த பிள்ளை. யாரும் வகுப்பெடுக்காமல், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதத்தால் தானே நடந்துவந்த தூரம் அது. நான் பார்த்தவற்றில் இதைவிடப் பெரிய வளர்ச்சி குறைவு.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பிள்ளைகளிடம் நாம் வளர்ச்சி என்று பாராட்டுகிற எல்லாமே வளர்ச்சி இல்லை.

ஒரு பெண். அப்பா சிங்கப்பூரில். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அன்றிலிருந்து காலையில் உலை வைப்பது முதல் தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவது வரை அவள்தான். தெருவே "பொறுப்பான புள்ள" என்று சொல்லும். ஆசிரியர்களும் மற்ற பிள்ளைகளுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவள் தன் நோட்டில் முதல் வரியாக எழுதியிருந்தது: "முன்னெல்லாம் சின்ன விஷயத்துக்கும் அழுவேன். இப்போது அழுவதே இல்லை."

"அழுகை வரலியா, அழ முடியலியா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "நான் அழுதா தம்பி பயந்துடுவான் மேடம்" என்றாள்.

பெரியவர்கள் சுமக்க வேண்டியதைப் பிள்ளை சுமக்கும்போது இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. திறமை வருகிறது, அது நிஜம். கூடவே ஏதோ ஒன்று வளராமல் நின்றுபோகிறது, அதுவும் நிஜம். ஒன்றை மட்டும் பார்த்துக் கைதட்டினால், மற்றது தனக்கு வேண்டும் என்று சொல்லவே அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. அவளை நோட்டின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்து எழுதச் சொன்னேன். இடது பக்கத்தில், மருந்துச் சீட்டு படிக்கத் தெரியும், தஞ்சாவூர் மெடிக்கலில் எந்த ஓ.பி. எங்கே என்று தெரியும், மாதக் கடைசியில் பணத்தை இழுத்துப்பிடித்து ஓட்டத் தெரியும் என்று மளமளவென்று எழுதினாள். வலது பக்கத்தில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, எட்டாவதிலிருந்து கோகோ ஆடவில்லை, யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை, டூருக்குப் போனதில்லை, "வேண்டாம்" என்று சொன்னதில்லை. அந்த வலது பக்கம் வந்த பிறகுதான் காலேஜைப் பற்றியே அவளால் பேச முடிந்தது. சித்தியிடம் வாரத்தில் இரண்டு காலை வந்து போகச் சொல்லிக் கேட்டாள். முதன்முதலாக ஒருவரிடம் கேட்டாள் என்பதை இடது பக்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அடங்கிப்போவதும் இதே வகை. "முன்னாடி எதிர்த்துப் பேசுவான், இப்ப வாயே தொறக்கறதில்ல, நல்லா திருந்திட்டான்" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. பேச்சு குறைந்த பையன் தூக்கமும் குறைந்து, சாப்பாடும் குறைந்து, சிநேகிதர்களையும் விட்டிருந்தால் அது திருந்தியது ஆகாது. ஆளைக் கவனிக்க வேண்டும். நான் பார்க்கிற அடையாளம் ஒன்று உண்டு. வளர்ந்த பிள்ளைக்குத் தெரிவு கூடியிருக்கும்: முன்பு ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளத் தெரிந்தது, இப்போது பேசவும் தெரியும், பேசாமல் இருக்கவும் தெரியும். ஒடுங்கிய பிள்ளைக்குப் பேசாமல் இருப்பது மட்டும்தான் தெரியும்.

இதன் இன்னொரு முனை, தான் இனி மாறப்போவதில்லை என்ற நினைப்பு. "எனக்கு மேத்ஸ் வராது", "நான் கூச்ச சுபாவம்", "வெளியூர்ல எல்லாம் என்னால இருக்க முடியாது" என்று பதினேழு வயதில் தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள். உளவியலாளர்கள் ஜோர்டி க்வாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், டிமதி வில்சன் மூவரும் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். கடந்த பத்து வருஷத்தில் ரொம்ப மாறிவிட்டோம் என்று எல்லா வயதினரும் சொன்னார்கள். அடுத்த பத்து வருஷத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டால், பெரிதாக மாற மாட்டோம் என்றார்கள். பதினெட்டு வயதினரும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த நினைப்பிலேயே கோர்ஸையும் தேர்ந்தெடுக்கிறோம். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரிக்கு மேல் யோசிக்காதவளுக்கு அந்தக் கல்லூரி குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். 1854-லிருந்து எத்தனையோ பேரை ஆளாக்கிய இடம். பயத்தால் அங்கே போகிறாளா, விரும்பிப் போகிறாளா என்பதைத்தான் கேட்பேன். பஸ்ஸில் தனியாக ஏறவே பயந்த ஆறாம் வகுப்புக்காரி எழுத்தில் கண் முன்னால் இருந்தால், "என்னால முடியாது" என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது.

பெற்றோர் செய்யக்கூடியது, சாட்சி சொல்வது. எங்கள் பக்கம் பிள்ளையை நேருக்கு நேர் புகழ மாட்டார்கள், கண்ணு பட்டுவிடும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். புகழ வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதும். "கடையில பாக்கிச் சில்லறை கேக்கக் கூச்சப்பட்டு ஓடி வருவே. போன மாசம் கரண்ட் ஆபீஸ்ல நீதான் பேசினே." இப்படி ஒரு வாக்கியம். இதில் புகழ்ச்சி இல்லை, ஒப்பிட இன்னொரு வீட்டுப் பிள்ளையும் இல்லை. ஒப்பிட்டாலும் அதே பிள்ளையின் பழைய நாளோடுதான். "ஆனா இன்னும் காலையில எழுந்திருக்க மாட்டேங்கறே" என்று அதன் வாலில் ஒன்றைச் சேர்க்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோட்டை வாங்கிப் படிக்காதீர்கள். தானாகக் காட்டினால் பாருங்கள். மனதுக்குக் கஷ்டமான விஷயத்தை எழுதும் பிள்ளை அன்று கொஞ்சம் வாடித்தான் இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிஷம், நான்கு நாள் இப்படி எழுத வைத்தபோது, எழுதிய உடனே அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. பின் வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரைப் பார்க்கப் போனது குறைந்தது. அதனால் முகம் வாடினால் பயப்பட வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம். வாட்டம் நாள்கணக்கில் நீண்டால் ஆலோசகரிடம் அழைத்து வாருங்கள்.

ரிசல்ட் அன்று இந்த நோட்டை எடுத்து நீட்ட வேண்டாம். மார்க் குறைந்த வேதனையில் இருக்கும் பிள்ளைக்கு அது எரிச்சலைத்தான் தரும். அன்றைக்கு வேண்டியது வேறு. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களின் போனுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். தவறிய பாடத்துக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, தேறினால் அந்த வருஷமே காலேஜில் சேரலாம். விடைத்தாள் நகலும் மறுகூட்டலும் கேட்கலாம். இதையெல்லாம் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே வீட்டில் சாதாரணமாகப் பேசி வையுங்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு எந்த ரூபத்தில் வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மருத்துவ உதவி எண் 104 இரண்டிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். பிள்ளையும் பேசலாம், நீங்களும் பேசலாம்.